சி டிரைவ் சுருங்க மறுக்கிறதா? காரணம் கண்டு சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

சி டிரைவில் 300 ஜிபி காலியாகக் கிடக்கிறது. அதில் 100 ஜிபியை வெட்டியெடுத்துத் தனி டிரைவ் அமைக்கலாம் என்று போனால், 8 ஜிபிக்கு மேல் தர முடியாது என்கிறது விண்டோஸ். மதுரையிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கமும் கணினி வேலைக்காகப் போகும் இடங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. அடுத்துப் பெரும்பாலானோர் செய்வதும் ஒன்றுதான்: வட்டைப் பாகம் (பார்ட்டிஷன்) பிரிக்கும் ஏதாவது ஓர் இலவச மென்பொருளை இறக்கி, புரியாத பொத்தான்களை அழுத்திப் பார்ப்பது. அதற்கு அவசியமே இல்லை. எந்தக் கோப்பு வழிமறிக்கிறது என்பதை விண்டோஸே பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அதைப் படித்து, அந்த ஒன்றை மட்டும் விலக்கினால் போதும்.

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். 14 அக்டோபர் 2025 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதன்பின் பழைய கணினியில் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்ஸ் போட வேண்டும் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் முதல் வேலை சி டிரைவைச் சுருக்குவதுதான்.

கட்டளைகளை ஃபோனில் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

## 1. சுருக்க வேண்டியது சி டிரைவ்தானா?

சி நிறைந்துவிட்டது, அதைப் பெரிதாக்க வேண்டும் என்று டி டிரைவைச் சுருக்கிவிட்டு, 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கிறதே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனையும் அதன் வலப்பக்க ஓரத்திலிருந்துதான் வெட்டும். டியைச் சுருக்கினால் காலியிடம் டிக்கு வலப்பக்கம் விழும். சி விரிவதற்கோ காலியிடம் சியை ஒட்டியே அதன் வலப்பக்கம் இருந்தாக வேண்டும். நடுவில் டி இருக்கும்வரை அது நடக்காது.

இவர்கள் டியில் உள்ளதை வெளிவட்டில் எடுத்து வைத்து, டியை நீக்கி, சியை விரித்து, மீதியில் டியை மறுபடி உருவாக்குவதே நேர்வழி. சிக்கும் டிக்கும் நடுவே ரிக்கவரி (பழுதுநீக்கப்) பார்ட்டிஷன் இருந்தால் அதுவும் முடியாது என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சியைத்தான் சுருக்க வேண்டும் என்றால், எவ்வளவு விட்டுவைப்பது என்று முடிவு செய்யுங்கள். இப்போது பயன்பாட்டில் உள்ள அளவு, அதற்கு மேல் குறைந்தது 40 ஜிபி என்பது என் கணக்கு. விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகள் வரும்போது அவற்றை விரித்து வைக்கவே பல ஜிபி இடம் வேண்டும். இறுக்கி வெட்டினால் அடுத்த புதுப்பிப்பிலேயே சிவப்புக் கோடு காட்டும். 128 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அதற்குப் பதில் இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டுவது நல்லது.

## 2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நகல். "முக்கியமானதெல்லாம் டியில்தான் இருக்கிறது, சியில் ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அது நீங்களாகவே இருந்தாலும். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த படங்களும், டவுன்லோட்ஸ் கோப்புறையும், டாக்குமெண்ட்ஸும் சாதாரணமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. பல கடைகளில் டேலி கணக்குத் தரவும் அங்கேதான். டிடிபி கடைக்காரர்கள் தங்கள் பழைய பாமினி வகை எழுத்துருக்களையும் விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வருட அழைப்பிதழ்க் கோப்புகள் அவை இல்லாமல் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். நகல் வெளிவட்டில் இருக்க வேண்டும். அதே வட்டின் டி டிரைவில் வைத்தது நகல் ஆகாது.

அடுத்து மின்சாரம். கோப்புகளை நகர்த்திக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பார்ட்டிஷன் பாதியில் நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று அன்றைய செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். மேசைக் கணினியாக இருந்து, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் பின்பக்கத்திலோ முன்பக்கத்திலோ உள்ள சுவிட்ச் 'யுபிஎஸ்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஈகோ' நிலையில் மாறும் நேரம் கூடுதல். மின்விசிறி தடையில்லாமல் ஓடும், கணினி மட்டும் அணைந்து மறுபடி தொடங்கும். லேப்டாப்பில் பேட்டரி நிறைந்திருந்தாலும் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

மூன்றாவது, வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவி. விண்டோஸ் 11 வந்த புதிய லேப்டாப்புகளில், உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு பூட்டப்பட்டிருப்பது சாதாரணம். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'மேனேஜ்', ஒரு கிடைக்கோடு, பி, டி, இ, இடைவெளி, கிடைக்கோடு, 'ஸ்டேட்டஸ்' என்று தட்டினால் நிலை தெரியும். பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த கணினி என்றால் அந்தக் கணக்கிலேயே சாவி சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதை இப்போதே சோதியுங்கள். கடையில் வேறு யாரோ மின்னஞ்சல் போட்டுத் தொடங்கிக் கொடுத்த லேப்டாப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் நிறுவும் கோப்புகள். கணினி கிளம்ப மறுத்தால் பழுது நீக்க இதுதான் வாசல். வேறு கணினி கையில் இல்லாதவர்கள், இருக்கும் கணினி ஓடும்போதே இதைச் செய்து வைக்க வேண்டும்.

போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: முகூர்த்த மாதத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஆடி மாதம் இதற்குத் தோதானது.

## 3. வட்டின் படத்தைப் படியுங்கள்

விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி, வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' திறங்கள். கீழ்ப்பகுதியில் வட்டு நீளமாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்தபின் எது புதிது, எது பழையது என்ற குழப்பம் வராது.

பார்க்க வேண்டியவை மூன்று. சி டிரைவுக்கு உடனடி வலப்பக்கம் என்ன இருக்கிறது? சி டிரைவ் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை வட்டில் அடுக்கும் முறை) வகைதானா? பார்ட்டிஷன் விவரங்களை வட்டில் எழுதி வைப்பது ஜிபிடி முறையிலா, பழைய எம்பிஆர் முறையிலா? கடைசிக் கேள்விக்கு விடை: 'டிஸ்க் 0' என்று எழுதியிருக்கும் இடத்தில் வலது கிளிக், 'புராப்பர்ட்டீஸ்', 'வால்யூம்ஸ்' தாவல்.

ஜிபிடி என்றால் கவலையில்லை. எம்பிஆர் என்றால் ஒரு வட்டில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் இருக்க முடியாது. அலுவலகங்கள் கழித்துவிட்டு இங்கே விற்பனைக்கு வரும் பழைய லேப்டாப்புகளில், தயாரிப்பாளரே நான்கையும் நிரப்பி வைத்திருப்பதுண்டு. அந்த நிலையில் சியைச் சுருக்கினால் இடம் கிடைக்கும், ஆனால் அதில் புதிய டிரைவ் உருவாக்க முடியாது. உருவாக்கப் போனால், வட்டை 'டைனமிக்' ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். சம்மதிக்காதீர்கள். திரும்பி வருவது கடினம். லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தால் அந்த வழியும் அடைபடும்.

நான்கும் நிரம்பிய எம்பிஆர் வட்டு என்றால், தேவையில்லாத ஒரு பார்ட்டிஷனை, பெரும்பாலும் தயாரிப்பாளரின் 'டூல்ஸ்' பகுதியை, நகலெடுத்துவிட்டு நீக்கிய பிறகே மேலே போங்கள்.

## 4. முதல் முயற்சி

சி டிரைவ் கட்டத்தில் வலது கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' தேர்ந்தெடுங்கள். சிறிது நேரம் கணக்குப் போட்டுவிட்டு ஒரு பெட்டி வரும். முதல் வரி இப்போதைய மொத்த அளவு. இரண்டாவது வரி சுருக்கக்கூடிய அதிகபட்சம். மூன்றாவது வரியில்தான் நாம் எண்ணைத் தட்ட வேண்டும்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அந்த எண் எம்பியில் இருக்கிறது. 100 ஜிபி வேண்டுமானால் 100 என்று தட்டக் கூடாது, 1024ஆல் பெருக்கி 102400 என்று தட்ட வேண்டும். இரண்டாவது இன்னும் மோசம்: சி டிரைவ் கடைசியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நினைத்து அந்த அளவைத் தட்டிவிடுகிறார்கள். பெட்டி கேட்பது எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை. நான்காவது வரியில் சுருக்கியபின் மீதமுள்ள அளவு தெரியும். பொத்தானை அழுத்துமுன் அந்த வரியை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

இரண்டாவது வரியில் உங்களுக்குத் தேவையான அளவு இருந்தால் இப்போதே சுருக்கிவிட்டு ஒன்பதாம் பகுதிக்குப் போய்விடலாம். இல்லையென்றால் பெட்டியை ரத்து செய்யுங்கள். டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கருவி) ஓட்டினால் சரியாகிவிடும் என்று இரவு முழுக்க ஓடவிடுபவர்கள் உண்டு. டிரைவைச் சுருக்கும் கருவியே நகர்த்தக்கூடிய கோப்புகளை இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளும். சிக்கல் நகர்த்த முடியாதவற்றில்தான்; சாதாரண டிஃப்ராக் அவற்றைத் தொடாது.

## 5. வழிமறிப்பது யார்?

கிழமேலாக நீண்டு கிடக்கும் ஒரு வயலில் பாகம் பிரிக்கிறோம். கிழக்கு ஓரத்திலிருந்துதான் பிரிக்க முடியும். ஆனால் கிழக்குக் கரையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு கிணறு இருக்கிறது. நிலம் முழுக்கத் தரிசாகக் கிடந்தாலும் பத்தடிக்கு மேல் பிரிக்க முடியாது. சி டிரைவிலும் கணக்கு இதுதான். எவ்வளவு காலி என்பது பொருட்டல்ல. நகராத கோப்புகளில் கடைசியானது எங்கே இருக்கிறது என்பதே அளவைத் தீர்மானிக்கிறது.

அந்தக் கோப்பின் பெயரை அறிய 'ஈவண்ட் வியூவர்' திறங்கள். இடப்பக்கம் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்'. வலப்பக்கம் 'ஃபில்டர் கரண்ட் லாக்' அழுத்தி, நிகழ்வு எண் கேட்கும் இடத்தில் 259 என்று தட்டுங்கள். 'டிஃப்ராக்' என்ற பெயரில் பதிவுகள் வரும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ளதுதான் நீங்கள் சற்றுமுன் ஷ்ரிங்க் பெட்டியைத் திறந்தபோது எழுதப்பட்டது. பதிவே இல்லை என்றால், ஷ்ரிங்க் பெட்டியை மறுபடி ஒரு முறை திறந்து ரத்து செய்துவிட்டு, இங்கே வந்து புதுப்பித்துப் பாருங்கள்.

பதிவுக்குள் 'கடைசி நகராக் கோப்பு' என்ற பொருளில் ஒரு வரி, அதையடுத்து கோப்பின் பாதை. நமக்கு வேண்டியது அந்தப் பாதை. அதற்குக் கீழே அந்தக் கோப்பின் கடைசி கிளஸ்டர் (வட்டின் சிறு கட்டம்) எண் பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் இருக்கும். அதையும் விட்டுவிடாதீர்கள். கால்குலேட்டரை 'புரோகிராமர்' நிலைக்கு மாற்றி, ஹெக்ஸ் பகுதியில் அந்த எண்ணைத் தட்டினால் தசம எண் கிடைக்கும். வழக்கமான வட்டில் ஒரு கிளஸ்டர் 4 கேபி. உதாரணமாக, எண் 2000000 என்று இருந்தால் தசமத்தில் 33554432. அதை 4 கேபியால் பெருக்கினால் 128 ஜிபி. அதாவது சி டிரைவின் இடது ஓரத்திலிருந்து 128 ஜிபி தூரத்தில் அந்தக் கோப்பு முடிகிறது. சி டிரைவ் 460 ஜிபி என்றால், அதைத் தொடாமலேயே ஏறக்குறைய 330 ஜிபி வரை வெட்டலாம். கடைசி நகராக் கோப்பு அவ்வளவு இடப்பக்கம் வந்துவிட்டது என்றால் மேற்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இதைப் படிக்காமல், இணையத்தில் பார்த்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுத்திவிடுபவர்களைத்தான் திருத்துவது கடினம். எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எதை நிறுத்தியிருக்கிறோம் என்பதும் மறந்துவிடும். ஒன்றை விலக்குங்கள், ஷ்ரிங்க் பெட்டியைத் திறங்கள், 259ஐப் படியுங்கள். பெயர் மாறியிருந்தால் அடுத்ததை விலக்குங்கள். விலக்கியதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்; பத்தாம் பகுதியில் அந்தக் காகிதம் வேண்டும்.

## 6. பெயரைப் பார்த்து விலக்குங்கள்

ஹைபர்ஃபில் என்று இருந்தால். கணினியை உறக்கநிலையில் வைக்கும்போது நினைவகத்தை எழுதி வைக்கும் கோப்பு இது. விலக்க எளிதானது, ஆபத்தும் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டளைச் சாளரத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டித் தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோடு, ஹெச், மறுபடி இடைவெளி, 'ஆஃப்'. கோப்பு உடனே போய்விடும். கூடவே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியும் நின்றுவிடும். அது நமக்கு நல்லதுதான், எட்டாம் பகுதியில் காரணம் வரும். பவர் ஆப்ஷன்ஸில் உறக்கநிலைக் குறியை மட்டும் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது பட்டியலிலிருந்து மறையும், கோப்பு அப்படியே இருக்கும்.

பேஜ்ஃபைல் என்று இருந்தால். நினைவகம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்திக்கொள்ளும் கோப்பு இது. 'சிஸ்டம் புராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்டு', 'பெர்ஃபார்மன்ஸ்' கீழுள்ள 'செட்டிங்ஸ்', மறுபடி 'அட்வான்ஸ்டு', 'வர்ச்சுவல் மெமரி', 'சேஞ்ச்'. தானியங்கி என்ற குறியை எடுத்து, சி டிரைவைத் தேர்ந்து, 'நோ பேஜிங் ஃபைல்' வைத்து, 'செட்' அழுத்துங்கள். பலர் 'செட்' அழுத்தாமல் நேராக 'ஓகே' அழுத்துவார்கள், எதுவும் மாறாது. பிறகு கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அப்போதுதான் கோப்பு நீங்கும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இந்த நிலையில் பிரௌசர், டேலி என்று எதையும் திறக்காதீர்கள். நினைவகம் போதாமல் பாதியில் மூடிக்கொள்ளும்.

'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற கோப்புறையும், நெளிவு அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்ணெழுத்துக் கோவையும் இருந்தால். இவை மீட்புப் புள்ளிகள். 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' தாவலில் சி டிரைவைத் தேர்ந்து, 'கான்ஃபிகர்' போய், பாதுகாப்பை நிறுத்தி, 'டெலீட்' அழுத்துங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது, நீக்கவும் வேண்டும். ஆனால் இதோடு பழைய நிலைக்குத் திரும்பும் வழி ஒன்று போகிறது. அதனால்தான் நகலை இரண்டாம் பகுதியிலேயே வற்புறுத்தினேன்.

யுஎஸ்என் ஜர்னல் என்று இருந்தால். டாலர் குறியுடன் 'எக்ஸ்டெண்ட்' என்று தொடங்கும் பாதையில் இது வரும். எந்தக் கோப்பு எப்போது மாறியது என்று விண்டோஸ் வைத்திருக்கும் குறிப்பேடு. கட்டளை: 'எஃப்எஸ்யூடில்', இடைவெளி, 'யுஎஸ்என்', இடைவெளி, 'டெலீட்ஜர்னல்' என்று ஒரே சொல்லாக, இடைவெளி, சாய்கோடு டி, இடைவெளி, சி, முக்காற்புள்ளி. அழித்த பிறகு தேடல் வசதியும் சில நகல் மென்பொருள்களும் முதலிலிருந்து எல்லாவற்றையும் வாசிக்கும். சில மணி நேரம் கணினி மந்தமாக இருக்கலாம். தரவு எதுவும் போகாது.

'சர்ச்' கோப்புறையும் விண்டோஸ் இடிபி கோப்பும் என்றால். அது தேடல் அட்டவணை. 'சர்வீசஸ்' சாளரத்தில் 'விண்டோஸ் சர்ச்' சேவையை நிறுத்திவிட்டு முயலுங்கள். வேறு ஏதாவது மென்பொருளின் பதிவுக்கோப்பு பெயர் வந்தால், அந்த மென்பொருளை மூடி ஒரு மறுதொடக்கம் செய்தாலே பல நேரம் விலகிவிடும்.

எம்எஃப்டி என்று இருந்தால். டாலர் குறியுடன் தொடங்கும் இந்தப் பெயர், என்டிஎஃப்எஸ்ஸின் அடிப்படை அட்டவணை. வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் இதில் ஒரு பதிவு உண்டு. லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் வந்து போன கணினிகளில் இந்த அட்டவணை வளர்ந்து, அதன் துண்டு ஒன்று வட்டின் கோடியில் போய் உட்கார்ந்துவிடும். சுருக்கும் கருவி இதை நகர்த்தாது, நீங்களும் அழிக்க முடியாது. எட்டாம் பகுதிக்குப் போங்கள். அதற்கு முன், கிடைத்தவரை போதுமா என்று ஒரு முறை யோசியுங்கள். 100 ஜிபி கேட்டு 70 ஜிபி கிடைத்தால் அதோடு நிறுத்துவதே என் வழக்கம்.

## 7. எண் வருகிறது, சுருக்கும்போது பிழை வருகிறது

பெட்டி தாராளமாக இடம் காட்டுகிறது, 'ஷ்ரிங்க்' அழுத்தியதும் பிழை. இது முற்றிலும் வேறு சிக்கல். ஆறாம் பகுதியில் சொன்னவை இதற்கு உதவா.

வால்யூம் பழுதடைந்திருக்கலாம், செக்டிஸ்க் (வட்டைச் சோதிக்கும் கருவி) ஓட்டுங்கள் என்று வந்தால் அப்படியே செய்யுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டளைச் சாளரத்தில் 'செக்டிஸ்க்', இடைவெளி, சி, முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு, எஃப். தட்டும்போது ஆங்கிலத்தில் சி, ஹெச், கே, டி, எஸ், கே என்ற ஆறு எழுத்துகள் மட்டுமே. டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது, அடுத்த தொடக்கத்தில் ஓட்டட்டுமா என்று கேட்கும். ஒய் தட்டி மறுதொடக்கம் செய்யுங்கள். எஃபுக்குப் பதில் ஆர் போட்டால் வட்டின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கும். பழைய சுழல் வட்டில் அது மணிக்கணக்காக ஓடும். ஒரே சதவீதத்தில் நிற்கிறதே என்று நடுவில் பொத்தானை அழுத்தி அணைக்காதீர்கள்.

செக்டிஸ்க் மோசமான செக்டார்கள் என்று சொன்னால், சுருக்கும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி வட்டின் உடல்நிலையைக் காட்டும். நீலம் நல்லது, மஞ்சளில் 'காஷன்' என்றால் வட்டு தேய்ந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட வட்டில் பல ஜிபி தரவை இடம் மாற்றுவது, போகிற உயிரைச் சீக்கிரம் அனுப்பும் வேலை. தரவை எடுத்துவிட்டு வட்டை மாற்றுங்கள்.

'ஆக்சஸ் டினைட்' என்று வந்தால், முதலில் நீங்கள் நுழைந்திருப்பது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குதானா என்று பாருங்கள். ஆம் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் நகல் மென்பொருளையும் வேறு நிறுவன வைரஸ் தடுப்பையும் நிறுத்திவிட்டு முயலுங்கள்.

போதிய இடமில்லை என்ற பிழை, இடம் இருக்கும்போதே வருவதுண்டு. பெட்டி காட்டிய அதிகபட்ச எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது வரும். இரண்டு மூன்று ஜிபி குறைத்துத் தட்டிப் பாருங்கள். அல்லது டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவி மூலம் செய்யலாம்: கட்டளைச் சாளரத்தில் 'டிஸ்க்பார்ட்', பிறகு 'லிஸ்ட் வால்யூம்', சி எந்த எண் என்று பார்த்து 'செலக்ட் வால்யூம்' அந்த எண், 'ஷ்ரிங்க் குவரிமேக்ஸ்' என்றால் அதிகபட்சம் சொல்லும், 'ஷ்ரிங்க் டிசையர்டு', சமக்குறி, எம்பியில் அளவு. தவறான வால்யூமைத் தேர்ந்துவிட்டால் டிஸ்க்பார்ட் உங்களை எச்சரிக்காது. எண்ணை இருமுறை பாருங்கள், 'கிளீன்' என்ற கட்டளையின் பக்கமே போகாதீர்கள்.

## 8. எம்எஃப்டி நகரவில்லை என்றால்

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாததை, விண்டோஸ் ஓடாதபோது நகர்த்தலாம். ஜிபார்ட்டெட் அதற்கான கருவி. தனியாகவும் கிடைக்கும், லினக்ஸ் மின்ட் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கினால் அதற்குள்ளேயும் இருக்கும்.

போகுமுன் செய்ய வேண்டியவை இரண்டு. பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்துவது போதாது, முழுமையாகப் பூட்டை நீக்க வேண்டும். மறைகுறியாக்கத்துக்குள் இருக்கும் என்டிஎஃப்எஸ்ஸை ஜிபார்ட்டெட்டால் சுருக்க முடியாது. பூட்டை நீக்க நேரமாகும், நூறு சதவீதம் முடிந்ததா என்று நிலையைக் கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டாவது, விண்டோஸை முழுமையாக அணைக்க வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே 'ஷட் டவுன்' தேர்ந்தெடுத்தால் முழுமையாக அணையும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் சாதாரண ஷட் டவுன் உண்மையில் பாதி உறக்கம்தான். அந்த நிலையிலுள்ள சி டிரைவைத் தொட ஜிபார்ட்டெட் மறுக்கும். மறுத்தால் கட்டாயப்படுத்தும் வழிகளைத் தேடாதீர்கள். விண்டோஸுக்குத் திரும்பி, ஒழுங்காக அணைத்துவிட்டு வாருங்கள்.

உள்ளே போனதும் சி டிரைவை அதன் அளவை வைத்து அடையாளம் காணுங்கள். இங்கே சி, டி என்ற பெயர்கள் இருக்காது. நீங்கள் எடுத்து வைத்த கைப்பேசிப் படம் இப்போது உதவும். வட்டே தெரியவில்லை என்றால், பயாஸில் (கணினி கிளம்பும்போதே திறக்கும் அமைப்புத் திரையில்) வட்டு இன்டெல் ரெய்டு நிலையில் இருக்கக்கூடும். அதைச் சும்மா மாற்றினால் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம், ஆகவே அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் மாற்ற வேண்டாம்.

'ரீசைஸ்' தேர்ந்து, வலது ஓரத்தை மட்டும் இடப்பக்கம் இழுங்கள். இடது ஓரம் அசையவே கூடாது. முன்னே உள்ள காலியிடம் என்ற எண் பூஜ்யமாகவே இருக்கட்டும். இடது ஓரம் நகர்ந்தால் டிரைவ் முழுவதையும் எழுத்து எழுத்தாக இடம் மாற்ற வேண்டிவரும். நேரமும் பல மடங்கு, விண்டோஸ் கிளம்பாமல் போகும் அபாயமும் கூட. பிறகு பச்சைக் குறியை அழுத்திக் காத்திருங்கள். சுருக்குவதைத் தவிர வேறு எதையும் இங்கே செய்யாதீர்கள். புதிய டிரைவ் உருவாக்குவதை விண்டோஸில் போய்ச் செய்யலாம்.

முடிந்ததும் விண்டோஸைத் தொடக்கினால் தானாகவே செக்டிஸ்க் ஓடும். பயப்பட வேண்டாம், ஜிபார்ட்டெட்தான் அப்படிக் குறித்து வைத்திருக்கும். அது முடிந்து, இன்னொரு முறையும் மறுதொடக்கம் செய்து, எல்லாம் வழக்கம்போல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை.

## 9. கிடைத்த இடத்தை என்ன செய்வது?

தரவுக்காக என்றால், கறுப்புப் பட்டையுடன் தெரியும் 'அன்அலோகேட்டட்' பகுதியில் வலது கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', என்டிஎஃப்எஸ். டிரைவ் எழுத்தாக இதுவரை யாரும் பயன்படுத்தாத ஒன்றைக் கொடுங்கள். ஏற்கெனவே உள்ள டிரைவ்களின் எழுத்தை மாற்றினால், டேலியும் மற்ற மென்பொருள்களும் பழைய பாதையில் தரவைத் தேடி, இல்லை என்று சொல்லும்.

லினக்ஸுக்காக என்றால் அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விடுங்கள். என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்து வைத்தால் நிறுவும்போது மறுபடி நீக்க வேண்டிவரும், அந்தக் குழப்பத்தில் தவறான டிரைவை நீக்குபவர்கள் உண்டு.

சிக்கும் பழைய ரிக்கவரி பார்ட்டிஷனுக்கும் நடுவில் காலியிடம் விழுந்திருக்கும். ரிக்கவரி பகுதியைத் தேவையற்றது என்று நீக்காதீர்கள். விண்டோஸ் கிளம்பாதபோது வரும் நீலநிறப் பழுதுநீக்கத் திரை அங்கிருந்துதான் வருகிறது. ஜனவரி 2024இல் வந்த 5034441 எண்ணுள்ள விண்டோஸ் 10 புதுப்பிப்பு, இந்தப் பகுதி சிறியதாக இருந்த கணினிகளில் 80070643 என்ற பிழையோடு நின்றது. அதற்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழியே, சி டிரைவை 250 எம்பி சுருக்கி ரிக்கவரி பகுதியைப் பெரிதாக்குவதுதான்.

## 10. நிறுத்தியதையெல்லாம் திரும்ப இயக்குங்கள்

குறித்து வைத்த காகிதத்தை எடுங்கள். பேஜ்ஃபைலை முதலில் தானியங்கி நிலைக்கு மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு, சுருக்கிய பிறகு கணினி திணறுகிறது, மென்பொருள்கள் தானாக மூடிக்கொள்கின்றன என்று புகார் சொல்பவர்கள்தான் அதிகம்.

சிஸ்டம் புரொடெக்‌ஷனை இயக்கி, உடனே ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்குங்கள். விண்டோஸ் சர்ச் சேவையை நிறுத்தியிருந்தால் தொடங்குங்கள். யுஎஸ்என் ஜர்னலை நீங்கள் உருவாக்கத் தேவையில்லை, விண்டோஸ் தானே எழுதிக்கொள்ளும். உறக்கநிலை வேண்டுமானால் அதே கட்டளையில் 'ஆஃப்' இடத்தில் 'ஆன்'. லினக்ஸும் சேர்த்து வைக்கப்போகிறவர்கள் அதை அணைத்தே வைத்திருப்பது நல்லது; பாதி உறங்கும் விண்டோஸ் டிரைவை லினக்ஸிலிருந்து எழுதத் திறக்க முடியாது.

பழுதுநீக்கப் பகுதி வேலை செய்கிறதா என்று பார்க்க, அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டளைச் சாளரத்தில் 'ரீஏஜெண்ட்' என்பதோடு சி எழுத்தை ஒட்டித் தட்டி, இடைவெளி, சாய்கோடு, 'இன்ஃபோ'. 'எனேபிள்டு' என்று வர வேண்டும். 'டிஸேபிள்டு' என்று வந்தால், அதே கட்டளையில் 'இன்ஃபோ' இடத்தில் 'எனேபிள்' தட்டுங்கள்.

பிட்லாக்கரை நீக்கியிருந்தால் மறுபடி இயக்குங்கள். இப்போது கிடைக்கும் மீட்புச் சாவி புதியது. முன்பு எழுதி வைத்த 48 இலக்கத்தை அடித்துவிட்டு இதை எழுதுங்கள். நிலையைக் கேட்கும்போது பாதுகாப்பு 'ஆன்' என்று வந்த பிறகே நான் லேப்டாப்பை உரியவரிடம் கொடுக்கிறேன், சாவி எழுதிய காகிதத்தையும் சேர்த்து.